மேனுவல் காரை ஆட்டோமேட்டிக்காக மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

மேனுவல் காரை ஆட்டோமேட்டிக்காக மாற்றக் கிளம்புகிறவர்களில் பலர், முதலில் ஓர் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை வாங்கி வைத்துவிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். பாதி வேலையோடு தார்ப்பாய் மூடிக் கிடக்கும் வண்டிகள் பலவற்றின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு கியர் பாக்ஸைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது இந்த வேலையில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் அந்தப் பாக்ஸைச் சுற்றியுள்ளவற்றில் இருக்கிறது: அதைத் தாங்கும் மவுண்டிங், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சில், அதன் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய், அதற்குச் செய்தி கொண்டுவரும் வயரிங், அதனோடு சேர்ந்து இயங்கத் தெரிந்த எஞ்சின் கம்ப்யூட்டர். எனவே இந்த வழிகாட்டியில் ஸ்பேனர் வேலையைவிட அவற்றைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

இங்கே ஆட்டோமேட்டிக் என்பது டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள வழக்கமான வகையைக் குறிக்கும். இரட்டைக் கிளட்ச் வகையை வீட்டு ஷெட்டில் வைத்து மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் கம்ப்யூட்டரும் கிளட்சும் ஒன்றையொன்று பழகிக்கொள்ளத் தயாரிப்பாளரின் கருவி தேவைப்படும்.

மாற்றலாமா, வேண்டாமா

பணக் கணக்கை மட்டும் பார்த்தால், ஓடுகிற மேனுவல் காரை விற்றுவிட்டு அதே மாடலில் ஆட்டோமேட்டிக் வாங்குவதே ஏறக்குறைய எப்போதும் மலிவு. மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் சிலவே: குடும்பத்தில் நெடுநாள் இருந்து விற்க மனம் வராத வண்டி, உடலும் எஞ்சினும் நல்ல நிலையில் இருந்து கியர் பாக்ஸ் மட்டும் போய்விட்ட வண்டி, அல்லது ஓட்டுபவரின் இடது காலால் இனி கிளட்சை மிதிக்க இயலாத நிலை. கடைசிக் காரணம்தான் உங்களுடையது என்றால், கியர் பாக்ஸில் கை வைப்பதற்கு முன் கிளட்சை மட்டும் மின் மோட்டாராலோ வெற்றிடத்தாலோ இயக்கும் தானியங்கிக் கிளட்ச் சாதனத்தைப் பற்றி விசாரியுங்கள். கியரைக் கையால்தான் போட வேண்டியிருக்கும். ஆனால் கிளட்ச் பெடல் தேவைப்படாது, செலவும் வேலையும் பல மடங்கு குறையும்.

முடிவெடுப்பதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றே: உங்கள் காரின் தயாரிப்பாளர் இதே மாடலை, இதே எஞ்சினோடு, ஆட்டோமேட்டிக்காகவும் விற்றாரா? விற்றிருந்தால், தேவையான ஒவ்வொரு உதிரியும் ஏற்கெனவே வடிவமைக்கப்பட்டு எங்கோ இருக்கிறது. விற்கவில்லையென்றால் பெல் ஹவுசிங்கின் (கியர் பாக்ஸ் எஞ்சினோடு சேரும் மணி வடிவ உறை) துளைகளைப் பொருத்த அடாப்டர் தகடு, தனியாகச் செய்த மவுண்டிங், வெட்டி ஒட்டிய ஷாஃப்ட், தனிக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் என்று வேலை லேத் பட்டறைக்குப் போய்விடும். முதல்முறை இறங்குகிறவர் அந்தப் பாதையைத் தொட வேண்டாம்.

உதிரி வண்டி

தனியாகக் கியர் பாக்ஸ் வாங்காதீர்கள். முழு வண்டியாக வாங்குங்கள். விபத்தில் அடிபட்டோ துருப்பிடித்தோ உடைப்புக்கு வந்த, அதே மாடல், அதே எஞ்சின், கூடுமானவரை அதே ஆண்டு ஆட்டோமேட்டிக் கார் ஒன்று கிடைத்தால், உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை நீங்கள் எழுத வேண்டியதே இல்லை. அந்த வண்டியே பட்டியல். ஒரு சிறு பிராக்கெட், ஓர் அரை அங்குல போல்ட், கூலர் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப் என்று, தனித்தனியாகத் தேடினால் வாரக்கணக்கில் அலைய வைக்கும் பொருள்களெல்லாம் அதில் தத்தம் இடத்திலேயே இருக்கும். எந்தப் பொருள் எப்படி மாட்டப்பட்டிருந்தது என்ற சந்தேகம் நள்ளிரவில் வரும்போது, போய்ப் பார்க்கவும் அந்த வண்டி இருக்கும்.

எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால், வாங்குவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். ஓடாவிட்டால் டிப் ஸ்டிக்கை உருவி, எண்ணெயை ஒரு வெள்ளைக் காகிதத்தில் தொட்டு வையுங்கள். சிவப்போ இளம் பழுப்போ பரவாயில்லை. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த ஸ்ட்ராபெரி நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. அந்தப் பாக்ஸை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எடுக்க வேண்டியவை: டார்க் கன்வெர்ட்டரோடு கியர் பாக்ஸ், ஃபிளெக்ஸ் பிளேட்டும் (ஃபிளைவீலுக்குப் பதிலாக எஞ்சினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தகடு) அதன் போல்ட்டுகளும், ஸ்டார்ட்டர் மோட்டார், மவுண்டிங்குகள், குறுக்குச் சட்டம், ஆக்சில்கள் அல்லது புரொப்பல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், கூலர் குழாய்கள், கியர் லீவரும் அதன் கேபிளும், பிரேக் பெடல், எஞ்சின் கம்ப்யூட்டர், கியர் கம்ப்யூட்டர், எஞ்சின் அறை வயரிங் முழுவதும், டாஷ்போர்டு மீட்டர், சாவியோடு இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்புச் சாதனம்). ஒயர்களை வெட்டி எடுக்காதீர்கள். இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனாலும் கனெக்டர் கனெக்டராகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் காகித நாடா ஒட்டிப் பெயர் எழுதுங்கள்.

கழற்றுதல்

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வண்டியை உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள்; ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஆட்டோமேட்டிக் பாக்ஸ் பெரும்பாலும் 60 முதல் 90 கிலோ வரை எடை உள்ளது என்பதால், அதற்கென்ற ஜாக்கும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும்.

மேனுவல் பாக்ஸை இறக்குவது கிளட்ச் மாற்றத் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. எண்ணெயை வடித்து, ஆக்சில்களை உருவி அல்லது புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, எஞ்சினுக்குத் தாங்கல் கொடுத்து, பெல் ஹவுசிங் போல்ட்டுகளை எடுத்துப் பின்னோக்கி இழுத்து இறக்க வேண்டும். பிறகு பிரஷர் பிளேட், கிளட்ச் தகடு, ஃபிளைவீல் மூன்றும் போகும். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரையும் எடுத்துவிடுங்கள். பல கார்களில் அது பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தையே பங்கிட்டுக்கொள்வதால், கிண்ணத்திலிருந்து வரும் அந்தக் கிளைக்குழாயைச் சரியான மூடியால் அடைக்க வேண்டும். துணியை வைத்துக் கட்டுவது பிரேக்கோடு விளையாடுவதாகும்.

கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனை

ஃபிளைவீல் வெளியே வந்ததும் கிராங்க் ஷாஃப்ட்டின் நடுவில் ஒரு சிறு பைலட் பேரிங் தெரியலாம். மேனுவல் பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட் நுனியைத் தாங்க வைத்தது அது. டார்க் கன்வெர்ட்டரின் மூக்கு அதே குழியில்தான் உட்கார வேண்டும் என்பதால், பல எஞ்சின்களில் இதை எடுத்தாக வேண்டும். இழுப்பான் இல்லையென்றால் பழைய முறை ஒன்று உண்டு. துவாரம் வழியாகக் குழி நிறைய கிரீஸைத் திணித்து, துவாரத்துக்கு இறுக்கமாகப் பொருந்தும் ஓர் இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தால், கிரீஸ் போக வழியில்லாமல் பேரிங்கைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். முகத்துக்கு நேரே நிற்காதீர்கள்; கிரீஸ் பீய்ச்சும்.

அடுத்து, ஃபிளைவீலைப் பிடித்திருந்த போல்ட்டுகளால் ஃபிளெக்ஸ் பிளேட்டை மாட்டக் கூடாது. ஃபிளைவீல் தடித்த வார்ப்பு; ஃபிளெக்ஸ் பிளேட் சில மில்லிமீட்டர் தகடு. நீளமான பழைய போல்ட் துளையின் அடியில் முட்டி நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் க்ளிக் என்று சொல்லும், ஆனால் தகடு இறுகியிருக்காது. உதிரி வண்டியின் போல்ட்டுகளையோ புதியவற்றையோ, தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புப் புத்தகம் சொல்லும் அளவுக்கு முடுக்குங்கள். வெளிப்புற எடையால் சமன் செய்யப்பட்ட எஞ்சின்களில் ஃபிளெக்ஸ் பிளேட்டில் எடைக்கட்டி இருக்கும். அது மாறினால் எஞ்சின் முழுவதும் அதிரும். பின்முனை ஆயில் சீலை இப்போதே மாற்றிவிடுங்கள். இவ்வளவு தூரம் மறுபடி வர யாருக்கும் மனம் வராது.

டார்க் கன்வெர்ட்டரை உட்கார வைத்தல்

இந்த வேலை முழுவதிலும் அதிகக் கியர் பெட்டிகள் சாவது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். முதல் பலி என்னுடையது.

கன்வெர்ட்டர் உள்ளே போகும்போது மூன்று பொருள்களோடு பல் கோக்க வேண்டும்: ஸ்டேட்டர் தாங்கும் குழாய், உள்ளீட்டு ஷாஃப்ட், கடைசியாக எண்ணெய் பம்ப். கன்வெர்ட்டருக்குள் ஏறக்குறைய 1 லிட்டர் ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊற்றி, பெட்டியை முகம் மேலே பார்க்கச் சாய்த்து, கன்வெர்ட்டரைச் சுற்றிக்கொண்டே மெல்ல உள்ளே தள்ளினால், அது ஒவ்வொரு படியாகத் தடக், தடக் என்று இறங்குவது கையில் தெரியும். இரண்டு முறை இறங்கியதும் முடிந்துவிட்டதென்று தோன்றும். முடியவில்லை. மூன்றாவது இறக்கம்தான் பம்பின் பல்; அது பல சமயம் ஐந்தாறு சுற்றுகளுக்குப் பிறகே கிடைக்கும்.

என் முதல் வண்டியில் அந்த மூன்றாவது இறக்கத்துக்குக் காத்திராமல் பெட்டியை ஏற்றினேன். பெல் ஹவுசிங் எஞ்சினிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு எட்ட நின்றது. போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று நால்மூலையிலும் சிறிது சிறிதாக முடுக்கினேன். அழகாக வந்து ஒட்டியது. எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது ஊளையிடும் சத்தம் மட்டும் வந்தது. எந்தக் கியரிலும் வண்டி நகரவில்லை. கழற்றிப் பார்த்தால் பம்பின் உள்சக்கரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

ஆகவே அளந்து பாருங்கள். பெல் ஹவுசிங்கின் முகப்பில் ஒரு நேர்ச் சட்டத்தைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து கன்வெர்ட்டரின் போல்ட் மேடை எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து, பெட்டிக்குரிய புத்தகத்தின் அளவோடு ஒப்பிடுங்கள். பெல் ஹவுசிங், டோவல் பின்களில் (இரண்டையும் நேராகப் பொருத்தும் முளைகள்) கையால் தள்ளும்போதே எஞ்சினோடு முழுமையாக ஒட்ட வேண்டும். போல்ட்டின் வேலை பிடிப்பது, இழுப்பதன்று. ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தடையின்றிச் சுற்ற வேண்டும். ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் இடையே பல பெட்டிகளில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கன்வெர்ட்டரை முன்னோக்கி இழுத்து அந்த இடைவெளியை மூடிய பிறகே அதன் போல்ட்டுகளைப் போடுங்கள்.

மவுண்டிங், ஷாஃப்ட், ஸ்டார்ட்டர்

முன்சக்கர இயக்கக் காரில் மேனுவல் ஆக்சில்களின் நீளமும் உள்முனைப் பல்லும் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்குப் பொருந்தாது. உதிரி வண்டியின் ஆக்சில்களைப் போடுங்கள். பெட்டிப் பக்க மவுண்டிங்கும் வேறுபடும். பின்சக்கர இயக்கத்தில் குறுக்குச் சட்டம் நகரும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம் மாறும். ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் நீளும் தூரம் சில எஞ்சின்களில் வேறாக இருப்பதால் அதையும் ஆட்டோமேட்டிக்குடையதாகவே வைப்பது நல்லது.

பின்சக்கர இயக்கக் காரில் டிஃபரென்ஷியல் விகிதத்தையும் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 877 முறை சுற்றும். டிஃபரென்ஷியல் 4.1, மேல் கியர் 0.7 என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 2,517 சுற்று. மேனுவலின் மேல் கியர் 0.85 ஆக இருந்திருந்தால் அதே வேகத்தில் 3,057 சுற்று. உங்கள் வண்டியின் எண்களைப் போட்டுப் பாருங்கள். விடை வழக்கத்துக்கு வெகு கீழே போனால் சிறு எஞ்சின் மேட்டில் திணறும். பெட்டி மேல் கியருக்கும் அதற்கடுத்த கியருக்கும் இடையே ஓயாமல் தாவும்.

கூலர்

ஆட்டோமேட்டிக் பெட்டியின் எதிரி வெப்பம். கன்வெர்ட்டரில் எண்ணெய் ஒன்றோடொன்று உரசிச் சூடாவது அதன் இயல்பு. அந்தச் சூட்டை வெளியேற்றவே ரேடியேட்டரின் தொட்டிக்குள் தனிக் கூலர் வைக்கப்பட்டிருக்கிறது. மேனுவல் ரேடியேட்டரில் அது இருக்காது. உதிரி வண்டியின் ரேடியேட்டரைப் போடலாம், அல்லது தனிக் காற்றுக் கூலரை முன்னால் வைக்கலாம். பழைய கூலரில் முந்தைய பெட்டியின் உலோகத் துகள்கள் தங்கியிருக்கலாம் என்பதால், அதை நன்றாகக் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் புதியதே போடுங்கள். இணைப்புக்கு ஆட்டோமேட்டிக் எண்ணெய்க்கென்றே விற்கப்படும் ரப்பர் ஹோஸ் வேண்டும். கையில் கிடைக்கும் தண்ணீர் ஹோஸ் சில நாளில் ஊறி உப்பிவிடும்.

வயரிங்

பழைய காரில் இது அரை நாள் வேலை. புதிய காரில் இதுதான் முழு வேலையும்.

முதலில், ஸ்டார்ட்டர் பாதுகாப்பு. பல மேனுவல் கார்களில் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். பெடல் போய்விட்டதால் அந்த சுவிட்சின் இரு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கிவிடுவது பலர் செய்யும் குறுக்குவழி. அப்படிச் செய்த வண்டி, லீவர் ‘டி’யில் (முன்னோக்கி ஓடும் நிலை) இருக்கும்போதும் ஸ்டார்ட் ஆகும், ஆன அந்தக் கணமே நகரத் தொடங்கும். முன்னால் யார் நிற்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. அந்த இரு ஒயர்களையும் பெட்டியின் மேலுள்ள நியூட்ரல் பாதுகாப்பு சுவிட்சுக்குக் கொண்டுபோய், ‘பி’யிலும் (பார்க்) ‘என்’னிலும் (நியூட்ரல்) மட்டும் மூடும் இணைப்பில் சேருங்கள். ரிவர்ஸ் விளக்கின் இரு ஒயர்கள் அதே சுவிட்சின் ‘ஆர்’ இணைப்புக்குப் போகும். பிரேக்கை மிதிக்காமல் லீவர் ‘பி’யை விட்டு வராதபடி தடுக்கும் பூட்டுக்கு, பிரேக் விளக்கு சுவிட்சிலிருந்து ஓர் ஒயர் வேண்டும்.

அடுத்தது கம்ப்யூட்டர். கியர் கம்ப்யூட்டர் எஞ்சின் வேகம், த்ராட்டில் நிலை, தண்ணீரின் சூடு, வண்டியின் வேகம் ஆகியவற்றைத் தெரிந்துகொண்டுதான் கியரை முடிவு செய்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் இதில் பங்குண்டு: ‘டி’ போட்டதும் ஐடில் வேகம் விழாமல் தாங்குவதும், கியர் மாறும் நொடியில் எஞ்சினின் இழுப்பைச் சற்றுக் குறைப்பதும் அதன் வேலை. மேனுவல் காரின் கம்ப்யூட்டருக்கு இவை தெரியாது. அதை அப்படியே வைத்தால் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணையலாம், கியர் மாறும்போது உதைக்கலாம், எச்சரிக்கை விளக்கு அணையாமல் நிற்கலாம். எனவே எஞ்சின் கம்ப்யூட்டர், இம்மொபிலைசர், சாவிச் சிப் மூன்றையும் உதிரி வண்டியிலிருந்து ஒரே தொகுப்பாக மாற்றுங்கள். எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே தகவல் கம்பியில் பேசிக்கொள்ளும் பிற்காலக் கார்களில் மீட்டர், பிரேக் கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கும் இது ஆட்டோமேட்டிக் என்று மென்பொருளில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குரிய கருவி வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

பெடலைப் பொறுத்தவரை, கிளட்ச் பெடலை எடுத்துவிட்டு அகன்ற பிரேக் பெடலைப் போட வேண்டும். அகற்றாமல் விட்டால், பழக்கத்தில் இடது கால் அதைத் தேடி மிதித்துக்கொண்டே இருக்கும்.

எண்ணெயும் முதல் ஸ்டார்ட்டும்

பெட்டியை மாட்டுவதற்கு முன்பே அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரை மாற்றியிருக்க வேண்டும். எண்ணெய் எந்த வகை என்பதில் யூகம் கூடாது. தயாரிப்பாளர் குறித்த வகைதான். காலியான பெட்டியும் கன்வெர்ட்டரும் சேர்ந்து பல கார்களில் 6 முதல் 10 லிட்டர் வரை குடிக்கும், ஆனால் அனைத்தையும் ஒரேயடியாக ஊற்ற இடமிருக்காது. 4 லிட்டர் ஊற்றி எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், கன்வெர்ட்டர் உறிஞ்சிக்கொண்டு அளவு உடனே விழும். தயாராக வைத்திருக்கும் அடுத்த லிட்டரைத் தாமதமின்றி ஊற்றுங்கள். பம்ப் காற்றைக் குடித்தபடி ஓடக் கூடாது. சக்கரங்கள் தரையைத் தொடாத நிலையில், பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தித் திரும்புங்கள்.

அளவு பார்க்கும் முறை பெட்டிக்குப் பெட்டி மாறும். பெரும்பாலானவற்றில் எண்ணெய் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதே, ‘பி’யில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பல மாடல்களில் எஞ்சினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக்கே இல்லாத பெட்டிகளில், குறிப்பிட்ட வெப்பநிலையில், பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி, மட்டத் திருகைத் திறந்து மெல்லிய கோடாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். அதிகமாக ஊற்றுவதும் தவறு. பெட்டிக்குள் சுழலும் பல்சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

சாலைக்கு வருதல்

கம்ப்யூட்டர் இல்லாத பழைய பெட்டிகளில், சாலைக்கு வருமுன் த்ராட்டில் கேபிளை (ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதைப் பெட்டிக்குச் சொல்லும் கேபிள்) சரிபார்த்தே தீர வேண்டும். சில பெட்டிகளில் அந்தக் கேபிள் கீழ்க் கியருக்கு இறங்குவதற்கு மட்டும் பயன்படும். ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 350 அப்படிப்பட்டது. ஆனால் அதே நிறுவனம் 1982ஆம் மாடல் ஆண்டில் கொண்டுவந்த 700ஆர்4 போன்றவற்றில் எண்ணெய் அழுத்தத்தையே அந்தக் கேபிள்தான் தீர்மானிக்கிறது. அது தளர்ந்திருந்தால் வண்டி நன்றாக ஓடுவதுபோலவே இருக்கும். கியர் மாறுவதுகூட வெண்ணெய்போல மென்மையாக இருக்கும். அந்த மென்மைதான் ஆபத்து. அழுத்தம் போதாமல் கிளட்ச் தகடுகள் வழுக்கி எரிந்துகொண்டிருக்கும்.

முதல் ஓட்டத்தை ஆளில்லாத சமதளச் சாலையில், அரை மிதியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கியர்களும் வருகின்றனவா, ‘டி’யில் நிற்கும்போது எஞ்சின் சீராக இருக்கிறதா, ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். நிறுத்திய பின், சரிவில் ‘பி’ தனியாக வண்டியைப் பிடித்துக்கொள்கிறதா என்று சோதியுங்கள். கையை ஹேண்ட் பிரேக்கிலேயே வைத்திருங்கள். பதிவு ஆவணத்தில் கியர் வகை குறிக்கப்பட்டிருந்தால் அதை மாற்றவும், காப்பீட்டாளருக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும்.

ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் ஓடியதும் அடித்தட்டை மறுபடி கழற்றி, உள்ளே இருக்கும் காந்தத்தை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல வழுவழுப்பாக ஒட்டினால் அது இயல்பான தேய்மானம். துடைத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றி மூடிவிடலாம். விரலில் நெருடும் செதில்கள் கிடைத்தால், வண்டியை அங்கேயே நிறுத்திப் பெட்டியை இறக்குங்கள்.